தேங்காய்க்குக் கீழே என் படம்

அக்கா,

பழைய குளிர்க்கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நேற்று நிலவறையிலிருந்து எடுத்தேன். உட்பையைத் துழாவியபோது, கடையில் வாங்க வேண்டியவற்றின் படங்கள் ஒட்டிய உங்கள் சாமான் மட்டை கையில் அகப்பட்டது. பருப்புப் பையிலிருந்தும் மிளகாய்த்தூள் பையிலிருந்தும் வெட்டி ஒட்டிய துண்டுகள். அவற்றுக்குக் கீழே நான் பேனையால் கீறிய தேங்காய்ப் படம். அதைப் பார்த்து நீங்கள், "உது தேங்காயோ, பூசணிக்காயோ?" என்று வயிறு நோகச் சிரித்தீர்கள். தேங்காய்க்குக் கீழே என் முகம். எறிய மனமில்லாமல், பார்க்கவும் மனமில்லாமல் இத்தனை வருடமாக அந்தக் கோட்டுக்குள் விட்டு வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில், மனவளர்ச்சி குறைந்தவர்களைப் பராமரிக்கும் அந்த வீட்டில் நீங்கள் ஆறு பேர் இருந்தீர்கள். தாய் போனபின் தமையனால் தனியாகப் பார்க்க முடியாமல் உங்களைக் கொண்டுவந்து விட்டார். உங்கள் கோப்பில் 'பேச்சு இல்லை' என்று எழுதியிருந்தது. நான் வேலைக்கு வந்த முதல் நாளே "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன். நீங்கள் தட்டிலிருந்த ஸ்பகெற்றியைத் தூக்கிக் காட்டி, "உந்தப் புழுவையோ?" என்றீர்கள். அதுவரை அங்கே யாரும் உங்களோடு தமிழில் பேசியதில்லை. அவ்வளவுதான் உங்கள் பேச்சின்மை.

துப்புரவான வீடுதான். யாரும் யாரையும் அடித்ததில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டு. ஆறரைக்குக் குளிப்பு, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கதவுகளின் திறப்புகள் எல்லாம் சாவிக்கொத்துகளாக எங்கள் இடுப்பில் தொங்கின. நீங்கள் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பீர்கள். "எனக்கெண்டு ஒரு திறப்பு வேணும் பிள்ளை. நான் பூட்டுவன், நான் திறப்பன்." வேறு எதையும் நீங்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மேற்பார்வையாளர் அதற்கு ஒரு வழி சொன்னார். மூன்று தடவை நீங்களே கடையில் சாமான் எடுக்க வேண்டும். தடுமாறினால் உதவி கேட்க வேண்டும். சரிவந்தால் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட், உங்கள் கையிலேயே திறப்பு. நாளுக்கு இரண்டு தடவை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அதற்குத்தான் அந்த மட்டையைச் செய்தோம். "ஒண்டும் விளங்காட்டி இந்தப் படத்தைப் பாருங்கோ. இந்த ஆளைத் தேடி வந்து கேளுங்கோ" என்று என் அடையாள அட்டைப் படத்தை நானே ஒட்டினேன். முதல் இரண்டு தடவையும் நன்றாகவே போயிற்று.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஊரில் நான் பள்ளிக்கூட ரீச்சர். இங்கே பிறரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எல்லோருக்கும் வங்கியில் வேலை என்றே சொல்லி வைத்திருந்தேன். தங்கைக்கு அப்போது சம்பந்தம் பேசி முற்றாகிக்கொண்டிருந்தது. அங்கேயும் அதே பொய்தான்.

மூன்றாவது தடவை, தமிழ்க்கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நான் ஒதுங்கி நின்றேன். மாப்பிள்ளையின் தாய் எதிரே வந்தார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு பாங்க் லீவோ?"

"ஓம் மாமி."

அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்தீர்கள், மட்டையை உயர்த்திப் பிடித்தபடி. "பிள்ளை, தேங்காய் காணேல்லை."

"ஆர் உவ? உங்கட ஆக்களோ?" என்று மாமி கேட்டார்.

"தெரியாது மாமி. ஆரோ."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தீர்கள். மட்டையை என் கன்னத்தருகே வைத்துப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமியிடம் பனியைப் பற்றிப் பேசினேன். நீங்கள் அப்படியே நிலத்தில் குந்தி வீரிட்டு அழத் தொடங்கினீர்கள். கடைக்காரர் ஓடி வந்தார். நான் மாமியோடு வாசல்வரை போய், அவருடைய கார் திரும்பும்வரை நின்று கையசைத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் கோழைத்தனம் என்று சொல்லித் தப்பியிருப்பேன். மறுநாள் நான் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: தடுமாறியபோது உதவி கேட்டாரா? ஆம் என்று எழுதினால், கேட்டவருக்கு என்ன கிடைத்தது என்றும் எழுத வேண்டும். இல்லை என்று எழுதினேன். பொது இடத்தில் கலவரப்படுகிறார் என்றும் சேர்த்தேன், ரீச்சரின் அழகான கையெழுத்தில். அப்பார்ட்மென்ட் வேறொருவருக்குப் போயிற்று.

படிவம் எழுதிய அன்று பின்னேரம் மட்டையை என் கையில் வைத்தீர்கள். கோபம்கூட இல்லை. பிழையான சாமானைக் கடையில் திருப்பிக் கொடுப்பவரின் முகம். "உது நீயில்லை. உது வேற ஆள்" என்றீர்கள். அதன்பின் நீங்கள் என்னோடு தமிழ் பேசவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்து நெஞ்சுச்சளி கட்டி ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனீர்கள். தமையன் வந்து உடுப்புகளை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு போனார். அவற்றுக்குள் திறப்பு எதுவும் இல்லை.

இன்று இப்படியான வீடுகளைப் பார்வையிடுவதே என் வேலை. மாமி விருந்துகளில், "என்ர மருமகளின்ர அக்கா உப்பிடிப்பட்ட சனத்துக்கு எவ்வளவு செய்யிறா" என்று பெருமைப்படுகிறார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். எந்தக் கதவுக்கும் என்னிடம் திறப்பு உண்டு. ஆனாலும் மணியை அடித்துவிட்டு, உள்ளே இருப்பவர் வந்து திறக்கும்வரை வெளியே நிற்கிறேன். பனியிலும் நிற்கிறேன். அது உங்களுக்கு எந்த விதத்திலும் ஈடாகாது, தெரியும்.

மட்டையை இன்று கைப்பையில் வைத்துக்கொண்டேன். அக்கா, நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. தேங்காய் காணவில்லை என்றதும் படத்தைப் பார்த்தீர்கள், ஆளைத் தேடினீர்கள், சரியான ஆளிடம் வந்துதான் கேட்டீர்கள்.

படத்தில் இருப்பது நான்தான்.