மௌனச்சாமி வாய் திறந்தார்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் நம் பெரியவளும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

விசா கைக்கு வந்தும் டிக்கெட் போடாமல் இருக்கிறீர்கள். இங்கே வந்தால் இந்த நாட்டு மொழி வகுப்புக்குப் போயே ஆக வேண்டும் என்றதும், "இந்த வயசுல பள்ளிக்கூடத்துல உக்காந்து, சட்டுனு பேச்சு வராம முழிக்கணுமா?" என்று பெரியவளிடம் போனில் கேட்டீர்களாமே. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தேசம். குழந்தைகள் நாற்காலி, முழங்கால் மேஜையில் இடிக்கும். என் பக்கத்தில் டைல்ஸ் ஒட்டும் ஒருவர். எழுதச் சொன்னால் எழுதிவிடுவார். கேள்வி கேட்டால் வாயே திறக்கமாட்டார். மனதுக்குள் மௌனச்சாமி என்று பேர் வைத்தேன். டீச்சரோ அவரைக் கீழ் வகுப்புக்கு அனுப்புவதென்று முடிவு கட்டிவிட்டார்.

எனக்கு மண்டை குடைந்தது. என்னைத்தான் தெரியுமே, பஸ் நிறுத்தத்தில் அவரிடமே காரணம் கேட்டுவிட்டேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி பேசமாட்டார் என்று நான் நினைத்தபோது, "எங்க ஊர்ல வாத்தியார் கேட்டா உடனே பதில் சொல்லக் கூடாதும்மா. கேள்விய மதிக்கலைன்னு ஆயிடும். நான் வாயத் திறக்கறதுக்குள்ள டீச்சர் அடுத்த ஆள்கிட்ட போயிடறாங்க" என்றார், வகுப்பில் கற்ற அரைகுறை மொழியில். நம் பக்கம் கேள்வி முடியுமுன் கத்துகிற பிள்ளைதான் கெட்டிக்காரன். இப்படியும் ஒரு ஊரா என்று ஆச்சரியம் தாங்கவில்லை.

அவரிடம் சம்மதம் கேட்டு, அதற்கும் பொறுமையாக நின்று, டீச்சரிடம் சொன்னேன். பாவம், முகம் சிவந்துவிட்டது. அடுத்த வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க ஊர்ல எப்படிப் பதில் சொல்வீங்க?" என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். தையல்காரப் பெண்ணுக்கு எழுந்து நின்றால்தான் பேச்சு வருமாம். லாரி டிரைவர் பக்கத்து ஆளிடம் கலந்து பேசிவிட்டுத்தான் சொல்வாராம். அவர் ஊரில் அது காப்பியடிப்பது இல்லை, மரியாதை. ஒரே சிரிப்பு.

பிறகு மௌனச்சாமியிடம் ஒரு கேள்வி. வகுப்பே கப்சிப். பதில் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன். கடைசியில் பேசினார், தப்பும் தவறுமாக, ஆனால் நீளமாக. கீழ் வகுப்புப் பேச்சு அதோடு போயிற்று.

எனக்கு அப்போது உங்கள் நினைவுதான். உங்களுக்குப் பேச்சு சட்டென்று வராதே தவிர, விஷயம் தெரியாமலா? வாருங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், ஆனால் சத்தியமாகப் பதில் எடுத்துக் கொடுக்கமாட்டேன். நிதானமாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் பதில் எழுதிவிடுங்கள்: எப்போது வருகிறீர்கள்?

நீங்கள் இல்லாமல் சாப்பிட்டு அலுத்துப்போன,
உங்கள் வீட்டுக்காரி