பாலத்துக்கு அடியில் நுழையாத இன்ஜின்

வீட்டு மகாராணிக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? இந்த மாதம் லீவு உண்டா இல்லையா என்று கேட்டிருந்தாய். அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

எங்கள் யார்டில் நூறு வயது நீராவி இன்ஜின் ஒன்று கிடக்கிறது. மியூசியத்துக்கு இனாமாகவே கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஏற்றிப் போகும் கூலியில் புது லாரியே வாங்கலாமாம்! “கட்டுப்படியாகாது, வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்க” என்று முடிவாகிவிட்டது. வெட்ட வேண்டியவன் நான். எனக்கோ காரணம் தெரியாமல் கை ஓடவில்லை.

“ஏன் சார் இவ்வளவு கூலி? லாரிக்குத் தங்கத்துல டயரா?” என்று மேனேஜரைக் கேட்டேன்.

“உயரம்தான்யா வில்லங்கம். பாலத்துக்கு அடியில நுழையாது. மூணு நாள் சுத்திப் போகணும்.”

“எவ்வளவு சார் இடிக்குது?”

“ஒரு முழம்.”

“அப்ப புகைபோக்கியைக் கழட்டிட்டா?”

அளவு எழுதியிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையில் தொப்பியோடு ஆளை அளந்த மாதிரி அளந்திருக்கிறார்கள்!

ஒவ்வொரு நட்டாகக் கழற்றினேன். கூலி பாதியானது, இன்ஜின் பிழைத்தது.

ஆனால் மியூசியத்தில் புகைபோக்கியை மறுபடி மாட்ட ஆள் வேண்டுமே? “கழட்டினவனே வரட்டும்” என்றுவிட்டார்கள். லீவு ஒரு மாதம் தள்ளிப்போய்விட்டது.

சின்னவளின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு அனுப்பு. அதற்குள் வளர்ந்துவிடுவாள், ஒரு விரல்கடை கூட்டியே செருப்பு வாங்குகிறேன். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். என்னைத் திட்டுவதென்றால் நாலு பக்கத்துக்குக் குறையாமல் திட்டி எழுது.