புகை அசையவில்லை

ஜூன் 14

அண்ணனின் பாஸ் கிட்டாருக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்ய பிளைவுட் வந்துவிட்டது. ஸ்பீக்கர் மார்ச்சிலேயே வாங்கியது, அண்ணன் பைக்கிலிருந்து விழுவதற்கு முந்தின வாரம். அவனுக்கு இடது முழங்கைக்குக் கீழே இன்னும் உணர்ச்சி இல்லை. பாஸ் கிட்டாரில் கம்பியை அழுத்துவது அந்தக் கைதான். "நரம்பு துளிர்க்க ஒரு வருஷம்கூட ஆவும்னு டாக்டர் சொல்லுதாரு. அதுக்குள்ள பெட்டியாவது ரெடியா இருக்கட்டும்ட்டி" என்றான். பெட்டி முடியும்வரை அவன் இடது கை நான்.

ஜூன் 22

பெட்டியின் கொள்ளளவுக் கணக்கு நான் போட்டது. பலகையின் கனம், குறுக்குக்கட்டை, ஸ்பீக்கரே உள்ளே அடைக்கும் இடம், எல்லாம் கழித்தேன். "ஏம்மா, ஒம் பிள்ள கொத்தனாரு மாதிரில்லா அளக்கா!" என்று அண்ணன் சிரித்தான். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னை இல்லை, அவன் சிரிப்பதை.

ஜூலை 19

ஸ்பீக்கருக்கு வட்டம் அறுத்தோம். கொஞ்சம் கோணல்.

ஆகஸ்ட் 9

ஒட்டித் திருகி மூடியாயிற்று. உள்ளே அடைபட்ட காற்றே சுருள்வில் மாதிரி ஸ்பீக்கர் கூம்பைத் திருப்பித் தள்ளுமாம். அதனால் சின்ன ஓட்டைகூட ஆகாது. போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, தாழ்ந்த ஒலி ஒன்றை ஓடவிட்டு, கொசுவர்த்திப் புகையைப் பலகைகளின் மூட்டு மூட்டாகக் காட்டினோம். பின்மூலையில் புகை சிதறியது, அங்கே காற்று லீக். பிசினில் மரத்தூள் குழைத்து அடைத்தோம்.

ஆகஸ்ட் 24

வேறு மூலையில் லீக் என்கிறான். அடைத்தோம்.

செப்டம்பர் 7

அண்ணனின் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் முஹ்சின் அண்ணன் மேலப்பாளையத்திலிருந்து வந்தார். "ஏலே சத்தியநேசா, பெட்டி செய்யுதியா, தேரு செய்யுதியா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வாற வரைக்கும் பாஸ நான் வாசிக்கட்டுமா மாப்ள?"

"லீக் அடிக்குலே. பெட்டி முடியட்டும்."

செப்டம்பர் 14

"இங்கன பாருட்டி, புகை ஆடுது."

ஆடவில்லை. மின்விசிறியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். புகை நேராக மேலே போனது.

ஏன் பொய் சொல்லுதான்? பெட்டி முடிஞ்சா கிட்டார எடுக்கணும். எடுத்தா — ஐயோ, இத்தன நாளா எனக்கு ஏன் இது தெரியல?

"ஆமாண்ணே, ஆடுது" என்று பிசினை எடுத்துவந்தேன்.

அக்டோபர் 11

டாக்டரிடம் போய் வந்தோம். சோதித்துப் பார்த்துவிட்டு, விரல்கள்வரை நரம்பு துளிர்க்கவில்லை, இனித் துளிர்க்கும் என்று நம்ப வேண்டாம் என்றார். திரும்பும் வழியில், பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, அம்மா அவனுடைய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்காது.

அக்டோபர் 18

இன்று கொசுவர்த்தியை அவனே கொளுத்தினான். எல்லா மூட்டுக்கும் காட்டிவிட்டு, "லீக் இல்லட்டி. முஹ்சின வரச் சொல்லு" என்றான்.

அக்டோபர் 19

முஹ்சின் அண்ணன் வாசித்தார், அண்ணனின் கிட்டாரில். அடுக்களையில் தட்டுகள் அதிர்ந்தன. அண்ணன் தரையில் உட்கார்ந்து, வலது கையால் இடது கையைத் தூக்கிப் பெட்டியின்மேல் வைத்தான்.

"அதிர்வு தெரியுதாண்ணே?" என்று கேட்டேன்.

"கை வழியாத்தான வருது. முழங்கைக்கு வந்த பெறவுதான் தெரியுது."

முஹ்சின் அண்ணனின் விரல்கள் நின்றுவிட்டன.

"வாசிலே" என்றான் அண்ணன்.