நம் தெருவின் விளக்குகளை அணைத்த கை

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில்தான் இப்போது நான் உட்கார்கிறேன். ஆரணியை ஒட்டிய சின்னப் பேரூராட்சி, நீங்கள் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் கருணை அடிப்படையில் எனக்குக் கிடைத்த வேலை.

இந்த வாரம் பட்ஜெட் போடுகிறோம். ஊரடங்கு காலத்துக் கோப்பை எடுத்து வரச் சொன்னார் செயல் அலுவலர். எடுத்தேன். ஐயோ, எடுத்திருக்கவே கூடாது.

அப்போது பட்டுச்சேலை விற்கவில்லை, தறி நின்றது, வீட்டுவரி கட்ட யாரிடமும் காசில்லை. துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போடவே அலுவலகம் திண்டாடியது. மின்கட்டணத்தைக் குறைக்க நம் தெரு விளக்குகளை அணைத்தார்கள் என்று தெரியும். அணைக்கச் சொன்னது யார் என்றுதான் தெரியாது.

தறி மறுபடி ஓடத் தொடங்கியதும், வெயில் ஏறுமுன் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்ட விடியலுக்கு முன்பே போன அம்மா, இருட்டில் கல் தடுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அதன்பிறகு தறியில் உட்காரவே இல்லை.

"எந்தப் பாழாப்போனவன் லைட்ட அணைச்சானோ, அவன் ஊடு இருண்டு போவ!" உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டேதான் இப்படிச் சபிப்பார். நீங்கள் தலை நிமிராமல் சாப்பிடுவீர்கள். தினமும் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டீர்களே, என்ன பாசம் என்று பூரித்துப்போவேன். அது பாசம்தானா அப்பா?

கோப்பில் உங்கள் கையெழுத்து. தற்காலிகமாக விளக்கை அணைக்க வேண்டிய தெருக்களின் பட்டியல். முதலில் நம் தெரு. எதிரே காரணம்: "நான் வசிக்கும் தெரு. எதிர்ப்பு வராது."

மூன்று தடவை படித்தேன்.

இப்போது வரி ஒழுங்காக வருகிறது. ஆனாலும் விளக்கு எரியவில்லை. போன வருடச் செலவைப் பார்த்துத்தான் இந்த வருடம் ஒதுக்குகிறோம். எரியாத விளக்குக்கு யார் ஒதுக்குவார்? தற்காலிகம் என்று எழுதிய நீங்கள், திரும்பக் கேட்கவே இல்லையே. கேட்டால் இந்தத் தாள் வெளியே வரும் என்றா?

நான் கேட்டாலும் அது வெளியே வரும். மன்றக் கூட்டத்தில் பழைய குறிப்போடுதான் வைக்க வேண்டும். தெரு முழுக்க உங்களைத் திட்டும். கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா, சரி அணைங்கன்னு நானே சொல்லியிருப்பேனேம்மா. இத்தினி வருசமா நான் திட்டிகினு இருந்தத கேட்டுகினே துன்னாரே மனுசன்!" என்று அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும். ஒரு பேப்பர் எடு" என்றார்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், இன்னும் தெரியவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தாளைக் கிழிக்க மாட்டேன். கூட்டத்தில் உங்கள் பெயரோடு வைப்பேன். அதன் மேல், விளக்கை மறுபடி எரியவிடக் கேட்கும் அம்மாவின் மனு இருக்கும். இடது கையால், கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எதிர்ப்பு வந்துவிட்டது, அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்