நீமாவின் விரல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று நான் இரண்டு பேராக இருந்தேன்.

காலையில் பள்ளிக்கூட வராந்தாவில் அரமத்தாவாக நின்றேன். மலேரியா ஆய்வுக்காரர்கள் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை எங்கள் ஊருக்கு வருவார்கள். இடது கை மோதிர விரலில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு, பிறகு அவர்கள் கண்ணெதிரே மாத்திரை. நர்ஸ் குத்தினார். விழுங்கினேன். வந்துவிட்டேன்.

மதியம், காலையில் வராத பிள்ளைகளைத் தேடி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்தார். இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவராம், பெயர் ஜெகான். எங்கள் வீட்டில் வராத பிள்ளை என் தங்கை நீமா. எங்கள் அப்பா, பாபா, அவளுடைய அட்டையை என் கையில் திணித்து, அவளுடைய நீல முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார். அட்டையில் படம் கிடையாது, பெயரும் எண்ணும்தான். அவளுக்குப் பதினான்கு, எனக்குப் பதினைந்து. யாருக்குத் தெரியப்போகிறது?

வலது கையை நீட்டினேன். அதே மாத்திரையை இன்னொரு தடவை விழுங்கினேன்.

இப்போது காது இரைகிறது. இரண்டு முறை வாந்தி. நெஞ்சு கோழி மாதிரி அடித்துக்கொள்கிறது. செத்துப்போவேனா? யாரைக் கேட்பது?

ஆகஸ்ட் 13

சாகவில்லை.

ஆகஸ்ட் 16

எல்லாரும் தூங்கட்டும் என்று காத்திருந்து, போன் வெளிச்சத்தில், விவசாயப் பாட நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எங்காவது எழுதி வைக்காவிட்டால் நானே பாபா சொல்லும் பொய்யை நம்பிவிடுவேன்.

நீமா, பாபாவின் இளைய மனைவி சோனா சின்னம்மா பெற்ற மகள். என் அம்மா இறந்ததிலிருந்து எனக்கும் நீமாவுக்கும் ஒரே பாய், ஒரே கொசுவலை. ஜூன் மாதம் பிரிக்காமாவிலிருந்து ஒருவர் வெள்ளைத் தாளில் சுற்றிய கோலாக் கொட்டைகளை அனுப்பினார். பள்ளிவாசலில் பெரியவர்கள் அதைப் பிட்டுத் தின்றார்கள். கல்யாணம் முடிந்துவிட்டது. அவருக்கு இரண்டு லாரி, நரைத்த தாடி. நீமாவை அவருடைய அக்கா வீட்டில் வைத்திருக்கிறார்கள். நெல் அறுப்பு முடிந்ததும் கொட்டு முழக்கத்தோடு அவர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்.

ஜூலைக் கடைசியில் கிளம்பும்போது பள்ளிச் சீருடையை மடித்துப் பையின் அடியில் வைத்தாள். பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

யார் கேட்டாலும், சொந்தக்காரர் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள், அதற்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். பதினெட்டுக்கு முன்னால் கட்டிக்கொடுப்பது சட்டப்படி குற்றம், ஆய்வுக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று பாபாவுக்குப் பயம். ஒரு பிள்ளை விலகினால் வீட்டுக்கே இலவச மருந்து நின்றுவிடும் என்று இன்னொரு பயம். என்னிடம் சொன்னது மட்டும் சுருக்கமாக: “வாயத் தொறந்தே, அடுத்த கோலா உனக்குத்தான்.”

ஆகஸ்ட் 23

மழை. பாய் அகலமாக இருக்கிறது.

செப்டம்பர் 9

மறுபடியும் இரண்டு பேர்.

ஜெகான் ஸெரெர் இனம். நாங்கள் ஜோலா இனம். ஸெரெரும் ஜோலாவும் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் அடிமை என்று வம்பிழுத்தே ஆக வேண்டும், கோபித்துக்கொள்வதுதான் குற்றம். வண்டியை நிறுத்தும் முன்னே ஆரம்பித்துவிட்டார்.

“என் அடிமைங்க வீட்டுல இன்னும் சோறு வேகலையா? எசமான் வந்து எவ்வளவு நேரமாச்சு?”

“அடிமைப் பயலுக்கு வண்டி ஒரு கேடா?” என்றார் சின்னம்மா. “எறங்கி உலக்கையப் புடி. அப்புறம் சோத்தப் பத்திப் பேசு.”

சின்னம்மா ஊருக்கே கேட்கும்படி பேசினார். ஜெகான் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். எனக்கா தெரியாது?

ஜெகான் ஊசியைப் பிரிக்கும்போது மெதுவாகச் சொன்னேன்: “நான் நீமா இல்ல.”

நிமிரக்கூட இல்லை. “தெரியுமே. போன வருஷம் சந்தையில நான் தொலைச்ச அடிமைப் பொண்ணு நீ. கைய நீட்டு.”

சின்னம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன்டி சிரிச்சே? உன்னை யாரு சிரிக்கச் சொன்னது?

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து, ஆட்டுப்பட்டியில் துப்பினேன். அது ஒன்றுதான் இன்று நான் செய்த நல்ல காரியம்.

செப்டம்பர் 14

பாபாவின் தகரப் பெட்டியில் ஆய்வுக்காரர்களின் ஒப்புதல் தாள் இருக்கிறது. எங்களைச் சேர்க்கும்போது கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுத்தது. ஆங்கிலம். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பிள்ளை தானே வேண்டாம் என்று சொல்லலாமாம். சொன்னால் அந்த வீட்டுக்கு எந்தச் சிகிச்சையும் நிற்காதாம். அதற்குக் கீழே: ஒரு பிள்ளை ஊரைவிட்டுப் போனால், அவள் நலமாக இருக்கிறாளா என்று எங்கள் ஆள் நேரில் போய்ப் பார்ப்பார்.

நான்கு தடவை படித்தேன்.

அப்படியென்றால் நீமாவைத் தேடி ஒருவர் போயிருக்க வேண்டும். ஆகஸ்டிலேயே. ஏன் போகவில்லை? அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று மாதா மாதம் ஒரு சொட்டு ரத்தம் சாட்சி சொல்கிறது. என் ரத்தம். அவளை ஒளித்து வைத்திருப்பது பாபா இல்லை. நான்.

செப்டம்பர் 29

பள்ளி திறந்தது. வாத்தியார் நீமா பெயரைக் கூப்பிடாமல் அடுத்த பெயருக்குத் தாவினார். தினமும் சாயங்காலம் பாபாவோடு டீ குடிப்பவர். அவரிடம் என்ன சொல்வது?

அக்டோபர் 5

வயலில் களை பறிக்கும்போது, தாளில் இருப்பதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். என் வலது கையை இனி தரமாட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் குனிந்தபடியே இருந்தார். “தண்ணி ஏறுது. சீக்கிரம் புடுங்கு” என்றார். அவ்வளவுதான்.

பாபாவிடம் சொல்லிவிடுவாரா?

அக்டோபர் 13

சொல்லவில்லை போலிருக்கிறது. நாளைக்கு அவர்கள் வருகிறார்கள். கதிர் முற்ற இன்னும் ஒரு மாதம்.

அக்டோபர் 14

எழுத்து கோணலாகப் போகிறது. இருக்கட்டும்.

பாபா டீக்குப் போயிருந்தார். நான் நீல முக்காட்டைப் போடவில்லை. ஜெகான் வந்து உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் அவர் மடியிலிருந்த பெட்டிமேல் வைத்தேன். இடது மோதிர விரலில் காலைக் குத்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“காலையில நர்ஸ் குத்தினது இது. நீங்க குத்தப்போறது இது. ரெண்டும் என் விரல்தான். நான் அரமத்தா.”

“அடிமை ஒண்ணு, சோறு ரெண்டு தட்டா?” என்று சிரித்தார். பார்த்தும் சிரித்தார். அடிமை வீட்டில் எசமானுக்கு எது சொன்னாலும் விளையாட்டுதானே. இனி என்ன காட்டுவது?

அப்போது சின்னம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

“ஜெகான்.”

பெயரைச் சொல்லி. இத்தனை மாதத்தில் முதல் தடவை. அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

“அது வெளையாடல. நீமா என் பொண்ணு. அவ இங்க இல்ல.”

ஜெகான் கையுறையைக் கழற்றினார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆகஸ்டில் இரண்டு மாத்திரையையும் விழுங்கினாயா என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் என்றேன். முகம் வெளிறிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு நெடுநேரம் எழுதினார். பிரிக்காமாவில் எந்தத் தெரு என்று சின்னம்மாவே சொன்னார்.

வண்டி போன பிறகு பாபா வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அடுத்த கோலா யாருக்குன்னு தெரியுமில்ல?”

“தெரியும். கொண்டாரச் சொல்லுங்க. அவங்க முன்னாடியே மென்னு துப்புறேன்.”

சொன்னது நான்தானா? நான்தான்.

அக்டோபர் 17

டாக்டர் வந்து நெஞ்சில் கம்பி ஒட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லையாம். என்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். என் ரத்தம் சொல்வதை இனி நம்ப முடியாதாம். நியாயம்தான். சின்னம்மாவின் கைக்குழந்தை, என் தம்பிக்குக் காய்ச்சல் என்று அவர்களிடம் போனோம், மருந்து கொடுத்தார்கள். தாள் பொய் சொல்லவில்லை. பாபா என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் 25

ஜெகானும் நர்ஸும் பிரிக்காமா போய் வந்தார்கள். நீமா மெலிந்திருக்கிறாளாம், கை முழுக்க உலக்கை பிடித்த காய்ப்பு. குத்துவதற்கு விரலைக் கேட்டால் தரவில்லையாம். ஜெகான் அவள் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: “என் ரத்தம் எங்க வீட்டு அட்டையில எழுதியிருக்கு. அங்க வெச்சுக் குத்துங்க.”

சின்னம்மா முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். அழுதார்.

நர்ஸ் குழந்தைகள் நல அலுவலகத்தில் சொல்லிவிட்டாராம். அங்கிருந்து ஆள் போனதும், சர்க்கார் வம்பு எனக்கு வேண்டாம் என்று லாரிக்காரர் பின்வாங்கிவிட்டாராம்.

நவம்பர் 4

தின்ற கோலாவைத் திருப்ப முடியாது. பாபா புதிதாக வாங்கி, தானே வெள்ளைத் தாளில் சுற்றி, கல்யாணத்தை முறித்து நீமாவைக் கூட்டிவரத் தானே பஸ் ஏறினார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 11

வயலில் அறுப்பு தொடங்கிவிட்டது. எங்கும் கொட்டுச் சத்தம் இல்லை.

சின்னம்மா ஜெகானை அடிமைப் பயலே என்று அழைத்து, பழைய சோறுதான் என்று சொல்லி மீன் வைத்துக் கொடுத்தார். பாபா இன்னும் பேசவில்லை. ஆனால் டீ ஆறுவதற்குள் ஒரு கிளாஸ் என் பக்கம் தள்ளி வைத்தார். எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு வேண்டாம்.

பக்கத்தில் ஒருத்தி முழங்கையால் இடிக்கிறாள். “வெளிச்சத்த அணைடி. காலையில பள்ளிக்கூடம்.” உலக்கை குத்திக் குத்திச் சீருடை அவளுக்குத் தோளில் இறுகிவிட்டது, நாளைக்குத் தையலைப் பிரித்துவிட வேண்டும்.

இன்று எனக்குக் குத்து இல்லை. இவளுக்குக் குத்தும்போது பக்கத்தில் நின்று அட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஜெகான் என் ரத்தம் நிரப்பிய இரண்டு கட்டங்களையும் சிவப்பு மையால் அடித்து, மேலே திருத்தி, காலியாக இருந்த மூன்றாவதையும் நிரப்பியிருக்கிறார். ஆகஸ்ட்: இல்லை. செப்டம்பர்: இல்லை. அக்டோபர்: இல்லை.

நவம்பர்: இருக்கிறாள்.