வெள்ளைக்கொக்கு சேற்றில் நின்ற மாலை

பாலடோன்ஃபூரெத்,
ஆகஸ்ட் 25, புதன்கிழமை

அன்புள்ள இல்காவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் நீ பார்த்துக்கொள்ளும் ஹெர்மினா அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும். அந்த அம்மாளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? ஞாயிற்றுக்கிழமை போனில் ஏதோ களிம்பு பற்றிச் சொன்னாய். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கடிதம் வந்திருக்கிறதே, யாரோ போய்விட்டார்கள் போல என்று பதறாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். போனைக் காதில் வைத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். பட்டாளத்தில் இருந்தபோது பதினெட்டு மாதம் உனக்கு எழுதினேன். அந்தக் கடிதங்களைப் படித்துத்தான் இவனைக் கட்டிக்கொண்டேன், நேரில் இவன் பேசியதைக் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன் என்று உன் அக்காவிடம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

குளிர்காலம் முழுவதும் ஆஸ்திரியாவில், கிராஸிலேயே தங்குவதாக ஹெர்மினா அம்மாளின் குடும்பத்துக்கு எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் நீ சொல்ல வேண்டும். அது என் நினைவில் இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன். என்னை நேராக விஷயத்துக்குப் போகச் சொல்லாதே, எனக்கு வராது.

தக்காளி இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. போன வாரம் அதைப் போட்டு லெச்சோக் குழம்பு செய்தேன். நீ எடுக்கிற சட்டியை எடுத்து, நீ நறுக்குகிற அளவுக்கே குடைமிளகாயை நறுக்கிப் போட்டதில் இரண்டு பேருக்கு வந்துவிட்டது. மூன்று நாள் அதையே தின்றேன். நாலாம் நாள் துறையைக் கவனிக்கும் கேசா வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். "இத நாய்க்குப் போட்டா நாய் உன் மேல கேஸ் போடும்டா" என்றான். ஆனால் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

மாடி அறையின் கூரைத் தகட்டைச் சரி செய்துவிட்டேன். இருபதாம் தேதி தேசியத் திருநாள் வாணவேடிக்கையை வீட்டு வாசலில் நின்றே பார்த்தேன். கரைக்குப் போகவில்லை. தனியாக நின்று அண்ணாந்து பார்க்கிறவனை ஊரே வந்து நலம் விசாரிக்கும். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே என்றுதானே போனாய். ஈஸ்டருக்கு அந்த ஸ்லோவாக்கியப் பெண் வேலையை விட்டு நின்றதும் அவள் முறையும் உன் தலையில் விழுந்தது. பிறகு நீ வந்தது ஜூனில் மூன்றே நாள். அந்த மூன்று நாளில் இரண்டு நாள் நான் படகுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் என்னை நானே உதைக்கலாம் போலிருக்கிறது.

நம் படகு வெள்ளைக்கொக்கு நன்றாக இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டியும் அவள் மேனியில் ஒரு விரிசல் இல்லை. மாலைப் பயணத்துக்கு இந்தக் கோடையில் நல்ல கூட்டம். தினமும் ஆறரைக்குப் பாயை ஏற்றுகிறேன், சூரியன் ஏரியில் இறங்குவதைக் காட்டிவிட்டு எட்டரைக்குத் துறைக்குத் திரும்புகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் சூரியனைப் பார்ப்பார்கள், நான் அவர்கள் முதுகுகளைப் பார்ப்பேன். மே மாதத்திலிருந்து எத்தனை முதுகு பார்த்திருப்பேன் என்று நினைக்கிறாய்? பாதிப் பேர் ஜோடிகள். சூரியன் தண்ணீரைத் தொடும் நேரத்தில் ஒரு கை இன்னொரு முதுகுக்குப் போகும். நான் பாய்மரத்து உச்சியைப் பார்ப்பேன். பிறகு யாராவது ஒருவர் போனை நீட்டிப் படம் எடுக்கச் சொல்வார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் நம் படகில் வைத்துப் படம் எடுத்துவிட்டேன். நான் ஒரு படத்திலும் இல்லை. முன்பெல்லாம் நீதான் எடுப்பாய். அப்போது நான் பின்னால் மங்கலாகவாவது தெரிவேன்.

காற்று எதிரே இருக்கும்போது பாயை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி மாற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. நீ பிடித்திருந்த முன்பாய்க் கயிற்றை இப்போது என் காலடிக்கே கொண்டுவந்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே செய்துகொள்கிறேன். ஆனால் சுக்கானைத் தள்ளும்முன் இன்னும் கேட்கிறேன். "மாத்தலாமா?"

சிரிக்காதே. முப்பத்தொரு வருஷம் கேட்ட வாய். நீ "ம், மாத்து" என்று சொல்லாமல் நான் ஒருநாளும் திருப்பியதில்லை, அந்த முதல் வருஷத்தைத் தவிர. இந்தக் கோடை முழுக்க நான் கேட்டவுடன் உள்ளே உன் குரல் வரும், அதே அலுப்போடு. "ம், மாத்து." நானும் திருப்புவேன். யாருக்கும் தெரியாது. எனக்கும் அது ஒரு துணையாக இருந்தது.

நேற்று முன்தினம், திங்கட்கிழமை, அது வரவில்லை.

இங்கே நிறுத்திவிட்டுப் போய்த் தக்காளிக்குத் தண்ணீர் விட்டு வந்தேன். எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை வந்தவர்கள் ஆறு பெண்கள். எல்லோரும் ஃபெஹேர்வார் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் ஷாரி என்ற அம்மாளுக்கு அன்றோடு பணி ஓய்வு. முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் ரயில் நேரம் சொன்னவராம். குரல் அப்படியே இருக்கிறது, சோடா கேட்டால்கூட இரண்டாம் நடைமேடையிலிருந்து கேட்பது போல இருந்தது. டப்பா நிறையப் பொகாச்சா ரொட்டி கொண்டுவந்து எனக்கும் இரண்டு தந்தார்கள். உப்பு குறைவு. சொல்லவில்லை.

மேல்காற்று அளவாக இருந்தது. திஹானிப் பக்கம் போனோம். மடத்தின் இரட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் வானம் சிவந்ததும் ஆறு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நாணல் வளைவு உனக்குத் தெரியும். எப்போதும் இருநூறு மீட்டருக்கு முன்பே திருப்பிவிடுவேன். கேட்டேன். உள்ளே ஒன்றும் வரவில்லை. மறுபடி கேட்டேன், கொஞ்சம் உரக்க. ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பிறகு சூரியனைப் பார்த்தார்கள். திருப்ப வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது. கை சுக்கானில்தான் இருக்கிறது. அசையவில்லை, இல்கா. பதில் வரட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். அடியில் மெதுவாக ஒரு உரசல் கேட்டது. பிறகு படகு நின்றுவிட்டது.

நாற்பது வருஷம் இந்த ஏரியில் படகு ஓட்டியவன் வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போதே நாணலுக்குள் ஏற்றி நிறுத்தினேன். பாயை இறக்கிவிட்டு மின்மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டினேன். சேறுதான் கிளம்பியது. அந்த நேரம் பார்த்துக் கரையில் புயல் விளக்கு மெதுவாகச் சிமிட்ட ஆரம்பித்தது. முதல் எச்சரிக்கைதான். ஆனாலும் ஆறு பேரை வைத்துக்கொண்டு அங்கே காத்திருக்க முடியாது.

படகை ஒரு பக்கம் சாய்த்தால் அடிப்பாகம் சேற்றிலிருந்து கொஞ்சம் எழும்பும். ஆகவே ஆறு பேரையும் வலப்பக்கம் வந்து ஓரமாக உட்காரச் சொன்னேன். "எங்க எடைக்கு ரயிலே சாயும், படகு சாயாதா?" என்றாள் ஒருத்தி. ஒயின் கோப்பையை ஒருவரும் கீழே வைக்கவில்லை. ஷாரி அம்மாள் அவருடைய குரலில் அறிவித்தார்: "அன்பான பயணிகளே, திஹானிக்குப் போற வெள்ளைக்கொக்கு தவிர்க்க முடியாத காரணத்தால தாமதமா கெளம்பும்." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. படகு சாய்ந்தது. மோட்டார் இழுத்தது. கால்மணி நேரம் போராடி வெளியே வந்தோம்.

திரும்பி வரும்போது அந்த அம்மாள் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் திருப்பவில்லை என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. முதல் வருஷம் உன்னைக் கேட்காமல் திருப்பியதையும், கயிறு சுற்றி உன் சுண்டுவிரல் ஒடிந்ததையும், கோணலாகவே அது கூடிக்கொண்டதையும் சொன்னேன். அன்றைக்கு நீ அழவில்லை. "இனிமே என்னைக் கேக்காம திருப்பாத" என்று மட்டும் சொன்னாய். அதையும் சொன்னேன். நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்பதையும் சொன்னேன்.

அவர் கோப்பையில் மிச்சமிருந்த ஒயினைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "நீங்க கேட்டது எங்களுக்கும் கேட்டுச்சு கேப்டன். கீழ அறையில யாரோ இருக்காங்க, அவங்கள கேக்குறீங்கன்னு நெனச்சோம். நான் முப்பது வருஷம் பேசினேன், ஒருத்தரும் பதில் சொன்னதில்ல. வீட்டுக்குப் போனா அங்கயும் இல்ல. பழகிடுச்சு. நீங்க என்னடான்னா ஒரு தடவைக்கே படகை நிறுத்திட்டீங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. துறையில் அந்தப் பெண்கள் சொல்லக் கேட்ட கேசா கயிற்றைப் பிடித்துக்கொண்டே, "கொக்குன்னு பேரு வெச்சா நாணல்ல நின்னுதான் ஆகணுமாடா?" என்று இளித்தான். நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கேட்டாய். "டேனெஷ், எழுதிக் குடுக்கட்டுமா? நீ என்ன சொல்ற?" அப்படித்தானே கேட்டாய்? நான் "உனக்குத்தான் தெரியும்" என்றேன். அதோடு நிறுத்தாமல் வார்னிஷ் விலையைப் பற்றிப் பேசினேன். நான் பேசி முடித்த பிறகும் நீ போனை வைக்கவில்லை. அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் அடிப்பது எனக்குக் கேட்டது. நீ காத்திருந்தாய். எனக்கு அது தெரிந்தது, தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பிறகு நீ, "சரி, சூப்ப எறக்கணும்" என்று வைத்துவிட்டாய். அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு படகில் உன்னிடம் பதில் வாங்காமல் ஒரு தடவைகூடத் திருப்பாதவன், நீ ஒரே ஒரு தடவை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன். அதற்கு மறுநாள் என் காதில் உன் குரல் வராமல் போனதில் என்ன ஆச்சரியம்.

அதனால் இப்போது சொல்கிறேன். வேண்டாம், இல்கா. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு வா. எனக்கு நீ இல்லாமல் முடியவில்லை.

மார்ச்சில் நாம் சண்டை போட்டபோது, படகு உன்னைப் போலக் குறை சொல்வதில்லை என்றேன். உண்மைதான், அது ஒன்றுமே சொல்வதில்லை. ஐந்து மாதமாக நான் அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அங்கே உனக்கு நன்றி சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று நீ சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. ஹெர்மினா அம்மாள் நல்லவர். அவரை நட்டாற்றில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை இருந்துவிட்டு வா, அல்லது பழையபடி இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே என்று வா. அங்கேதான் உனக்கு மனம் நிம்மதியாக இருக்கிறது என்றால் அதையும் எழுது. படித்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஒன்றும் சொல்லாததால் நீ தங்கிவிட்டாய் என்று ஆகக்கூடாது.

நேற்று படகை எடுக்கவில்லை. இன்றும் எடுக்கப்போவதில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று கேசாவிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பவில்லை.

தபால் நிலையம் மூடுவதற்குள் போக வேண்டும். விரைவுத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைத்துவிடும் என்றார்கள். கடவுள் உன்னைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அந்த அம்மாளைத் தனியாகத் தூக்காதே, உன் இடுப்பும் இடுப்புதான்.

கிராஸில் இப்போதே காலையில் குளிர்கிறது என்றாய். சுண்டுவிரலைக் குளிரவிடாதே, வலிக்கும். உன் நீலக் கம்பளிக் கையுறை இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அனுப்பலாம் என்று எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன்.

உன்,
டேனெஷ்