கல்லை விட்டு அரிசியை எறிந்த கை

அத்தை, உள்ளது உள்ளபடி சொல்வேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எதையும் கூட்டாமல் எழுதுகிறேன். இன்று காலை அம்மா உங்கள் முறத்தை எடுத்து அரிசி புடைத்தாள். அந்தத் தவிட்டு வாசனை வந்ததுமே நோட்டைத் திறந்துவிட்டேன்.

மண்ணச்சநல்லூரில் நீங்கள் வேலை பார்த்த அரிசி ஆலைக்குப் படம் எடுக்க வந்தவர்கள், கல் பொறுக்கிக்கொண்டிருந்த உங்களையே நடிக்கக் கேட்டார்கள். கொலைகாரனின் தாய் வேடம். மகன் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். "உன் மகன் வந்தானா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். "வரலைங்க." உங்களுக்கு அவ்வளவுதான் வசனம். அதற்காக ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வாரம் முறத்தோடு உட்கார்ந்தீர்கள். நான்தான் இன்ஸ்பெக்டர்.

"அண்ணி, கல்லை விட்டுட்டு நல்ல அரிசியை எறியறீங்களே!" என்று அம்மா கத்தினாள்.

"வாய் பொய் சொல்றப்ப கை எப்படி ஒழுங்கா வேலை செய்யும்?"

"இதெல்லாம் யாரு கவனிக்கப் போறா?"

"அரிசி பொறுக்கினவ கவனிப்பா" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினீர்கள். "இன்ஸ்பெக்டரம்மா, படம் வந்ததும் அந்த இடத்துல நீ திரையைப் பார்க்காத. ஜனம் மூச்சு விடுதான்னு பார்த்துச் சொல்லு. எனக்காகப் பொய் சொல்லக்கூடாது."

படம் வருவதற்குள் நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று மதியக் காட்சிக்கு அம்மாவும் நானும் திருச்சிக்குப் போனோம். உண்மையைச் சொல்கிறேன், முதல் பாதியில் ஒருவர் குறட்டை விட்டார். உங்கள் காட்சி வந்ததும் நான் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். முறத்தில் விரல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. இன்ஸ்பெக்டர் கேட்டார். "வரலைங்க" என்றது உங்கள் குரல். பாப்கார்ன் எடுத்த கைகள் பாதியில் நின்றன.

"ஐயய்யோ, கல்லை விட்டுட்டு அரிசியை எறியறாடி! உள்ளதான் இருக்கான்!" என்றார் பின்வரிசையில் ஓர் அம்மா.

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. தியேட்டர் முழுவதற்கும் புரிந்துவிட்டது. குறட்டைக்காரர்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் மூச்சு விடவில்லை அத்தை. நானும்தான். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் திரையைப் பார்த்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். எனக்குத் தலைவாரிவிட்ட அதே விரல்கள்தான். ஆனால் அந்த முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கணம் உங்களைக் கண்டே பயந்தேன். நேற்றிலிருந்து யார் பேசினாலும் என் கண் அவர்கள் கைக்குத்தான் போகிறது.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். திரை வெளுத்துப்போய் ஓர் எழுத்தும் தெரியவில்லை. தியேட்டரைப் பெருக்க வந்தவர், "பாப்பா, முடிஞ்சிருச்சு, கிளம்புங்க" என்றார்.

"எங்க அத்தை பேர் வருங்க. வெளிச்சத்துல படிக்க முடியலை."

"யாரு, எந்த அத்தை?"

"அரிசி எறிஞ்சவங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணே, அந்த அம்மா பேர் வரப்போகுது!"

விளக்குகள் அணைக்கப்பட்டன.